முளை வீட்டு ஜன்னல்

போன மாதம் அருப்புக்கோட்டையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்குப் பயிற்சி நடந்தபோது, ரிட்டயர் ஆன அங்கன்வாடி ஆயாம்மா என்று என்னையும் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். "எல்லாரும் சாப்பிட்டீகளா?" என்று கேட்டேன். சாப்பிட்டோம் என்றீர்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தது கூடக் கேட்டது. தப்பில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

வாயால் சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதித் தருகிறேன். படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. பிழை இருந்தால் எங்கள் டீச்சர் திருத்திக் கொடுப்பார். எடை பார்ப்பது, சத்துமாவு கிண்டுவது, முட்டை அவிப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விடுகிறேன். பிள்ளைகளுக்கு ஒன்று வேண்டும் என்றால் ஊரிடம் எப்படிக் கேட்பது, அதைப் பற்றி ஒரே ஒரு கதை சொல்கிறேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, திருச்சுழி ரோட்டுப் பக்கம். மழையை நம்பின காடு. விதைத்தது விளைந்தால் உளுந்தும் மிளகாயும், விளையாவிட்டால் கருவேல முள். முள்ளை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லோடு ஏற்றுவார்கள். மூட்ட வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை எங்கள் மையத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். டீச்சர் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டுக்குள்ளே தறி ஓடுகிற சத்தத்தில் வளர்ந்தவர், அதனால் பக்கத்தில் இருப்பவரிடமும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். நான் பேசவே மாட்டேன். எங்கள் இருவரையும் சேர்த்து இரண்டாகப் பங்கு போட்டால் சரியான அளவு வரும் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

ஒரு மாசி மாதத்தில் கதை ஆரம்பிக்கிறது. பிள்ளைகள் வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேற்கூரையிலிருந்து ஒரு பெரிய காரைப் பாளம் பெயர்ந்து, வடித்து வைத்திருந்த சோற்றுக்குள் விழுந்தது. சத்தம் கேட்டுப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து விழுந்திருந்தால் அந்த இடத்தில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

மேற்பார்வையாளர் அம்மா வந்து பார்த்தார். கட்டடத்தைப் பூட்டச் சொல்லிவிட்டார். புதுக் கட்டடத்துக்கு எழுதிப் போடுவதாகவும், அதுவரைக்கும் ஊருக்குள்ளேயே ஒரு நல்ல இடம் வேண்டும் என்றும் சொன்னார். "உங்க அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடியுற வரைக்கும் பார்ப்பேன். இடம் கிடைக்கலைன்னா உங்க பிள்ளைகளை ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரு மையத்தோட சேர்த்துருவேன்" என்றார்.

அந்தப் பக்கத்து ஊர் தூரம் இல்லை. ஆனால் நடுவில் லாரி ரோடு இருக்கிறது. வேலைக்குப் போகிற அவசரத்தில் எந்தத் தாய் அங்கே கொண்டுபோய் விடுவாள்? கூடவே மூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவாள். காளீஸ்வரி என்று ஒருத்தி. அவள் மகள் பேச்சிக்கு மூன்று வயது. எடை மெஷினில் முள் ஏறவே மாட்டேன் என்று அடம் பிடித்த பிள்ளை அது. எங்களிடம் வந்து முட்டையும் உருண்டையும் தின்று அப்போதுதான் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கட்டடத்தைப் பூட்டின மறுநாளே அவளை மூட்டத்துப் புகைக்குப் பக்கத்தில் சாக்கில் படுக்க வைத்திருந்தார்கள். நான் போய்த் தூக்கி வந்தேன். முகமெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள்.

வேப்பமரத்தடியில் பாய் விரித்து நடத்தினோம். பங்குனி வெயிலில் மரத்தடி எத்தனை நாள் தாங்கும்?

ஊருக்குள் சும்மா கிடந்த நல்ல கட்டடம் ஒன்றே ஒன்றுதான். முளை வீடு. அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் காரை போட்ட ஒற்றை அறை. பொங்கலுக்குக் காப்புக் கட்டியதும் பெண்கள் ஆளுக்கொரு மண் ஓட்டில் எருவும் மண்ணும் போட்டு, பயறு பரப்பி, அந்த வீட்டுக்குள் வைத்து முளைப்பாரி வளர்ப்பார்கள். வெளிச்சம் படாமல் வளர்ந்தால்தான் முளை நெட்டையாக, மஞ்சளாக நிற்கும். அதனால் அந்த வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. முளை இருக்கிற நாளில் ஆம்பளைகள் உள்ளே போகக் கூடாது. பொங்கல் முடிந்தால் வருசம் முழுக்கப் பூட்டுத்தான்.

ஊர்க்கூட்டத்தில் கேட்போம் என்றார் டீச்சர். கூட்டத்துக்குத் தலைமை கடைக்கார அண்ணாச்சி. மளிகைக் கடை வைத்திருக்கிறார், கோயில் நிர்வாகமும் அவரே. டீச்சர் எழுந்து அழகாகப் பேசினார். பிள்ளைகளின் உரிமை, சமுதாயப் பொறுப்பு என்று பயிற்சியில் சொன்னது அத்தனையும் சொன்னார். நான் பெண்களுக்கும் பின்னால், தூணுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"டீச்சரம்மா பேசுறது ரேடியோ கேட்ட மாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி. "ஆனா முளை வீடு சாமி வீடு. பிள்ளைக ஒண்ணுக்கிருக்கும், எச்சி பண்ணும். அப்புறம் முளை கருகிப்போயி மழை தப்புச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்க சாயங்காலம் பஸ்ஸு ஏறிப் போயிருவீக."

கூட்டத்தில் சிரிப்பு. பிறகு அவர் எட்டிப் பார்த்து, "ஏத்தா சுப்பு, நீ நம்ம ஊர்க்காரி. நான் சொல்றது சரிதான?" என்றார்.

இத்தனை தலையும் என் பக்கம் திரும்பினதில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "சரிங்கண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

"அவ்வளவுதான், ஆயாம்மாவே சொல்லிருச்சு" என்று கூட்டம் கலைந்தது.

பஸ் ஸ்டாப் வரை டீச்சர் என்னிடம் பேசவில்லை. அவர் பேசாமல் நடந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டு, "சரிங்கண்ணாச்சியாம்" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்தில் கேட்கிற கேள்விக்குக் கூட்டத்தில் கிடைக்கிற பதில்தான் கடைசிப் பதில் என்று நினைத்து வீட்டில் படுத்துவிடக் கூடாது. எந்த ஊரிலும் பேச்சு நடக்கிற இடம் இன்னும் இரண்டு மூன்று இருக்கும்.

எங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் முளை வீட்டு வாசல். முளை போட்ட நாளிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண்கள் அங்கே வட்டமாக நின்று கும்மி கொட்டுவார்கள். ஒருத்தி பாட்டெடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் அந்த அடியை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். என்ன வார்த்தை வந்தாலும் சரி, நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முளைக்கு ஆகாது என்பார்கள். மாமியாரைத் திட்டிக்கூட மருமகள் பாட்டெடுப்பாள், மாமியாரும் திருப்பிப் பாடித்தான் ஆக வேண்டும். முளை போட்ட ஒவ்வொருத்தியும் பொங்கலுக்குள் ஒரு பாட்டாவது எடுக்க வேண்டும் என்பது வழக்கம். நான் வருசா வருசம் இருக்கிறதிலேயே குட்டிப் பாட்டாகப் பார்த்து, யார் காதிலும் விழாமல் முனகிவிட்டுத் தப்பிப்பேன்.

முளை வீட்டுச் சாவி தனபாக்கியம் மதினியிடம் இருந்தது. கடைக்கார அண்ணாச்சியின் வீட்டுக்காரி. ஊரிலேயே பெரிய குரல் அவருக்கு. திருப்பிப் பாடுகிறதில் தன் குரல்தான் முதலில் கேட்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். சாவியை மடியில் செருகியிருப்பார், கும்மி கொட்டும்போது அது கலகலவென்று ஆடும்.

அந்த வருசம் பாத்திரம் விளக்கும்போதெல்லாம் வாய்க்குள் நாலு அடி கட்டிக்கொண்டே இருந்தேன். டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெரிந்திருக்கும்.

என் முறை வந்தது. "சுப்பு, வழக்கம்போலக் கொசு மாதிரிப் பாடாத, கொஞ்சம் கேக்குற மாதிரிப் பாடு" என்றார் தனபாக்கியம் மதினி. கும்மியில் ஒரு வசதி உண்டு. குனிந்து நிமிர்ந்து சுற்றிக்கொண்டே இருப்போம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன்.

கண்மாய்க் கரையில முள்ளு வெட்டி – நம்ம
காளீசு போறா கரி அள்ள
மூணு வயசுப் பச்சப் பிள்ள – அங்க
மூட்டப் புகையில கண் கசக்க

திருப்பிப் பாடினார்கள். காளீஸ்வரியும் வட்டத்தில்தான் இருந்தாள். அவள் குரல் மட்டும் கடைசி அடியில் உடைந்தது. நான் நிறுத்தினால் இனி எந்தக் காலத்திலும் பாட மாட்டேன் என்று தெரியும். அடுத்த அடிக்குப் போனேன்.

ஊருல முளைக்கு வீடிருக்கு – நம்ம
ஓடுற பிள்ளைக்கு வீடில்ல
சாமி வீட்டுச் சாவி எங்க – அது
தனபாக்கியம் மடியில தூங்குதம்மா

தனபாக்கியம் மதினிதான் முதல் ஆளாக, வழக்கமான பெருங்குரலில் திருப்பிப் பாடினார். "தனபாக்கியம் மடியில தூங்குதம்மா" என்று கோயில் வாசல் வரை கேட்கிற மாதிரிப் பாடி, ஒரு தட்டும் தட்டிய பிறகுதான் அது தன்னுடைய பெயர் என்று அவருக்கு உறைத்தது. நிறுத்தவும் முடியாது. பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப அந்த அடியையே கொட்டினார்கள். சாவியும் தாளத்துக்கு ஆடியது.

பாட்டு முடிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "அடி ஊமைக் கோட்டானே! என் மானத்தை என் வாயாலேயே வாங்கிட்டியே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கூட்டத்துல சரிங்கண்ணாச்சின்னு சொன்னவ நீதான?"

"ஆமா மதினி."

"அந்த மனுசன் சொன்னா சரியாப் போயிருமா? சாவி அவுக மடியிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். "முளை கரைச்சதும் வீட்டைத் திறந்து விடுறேன். ஆனா ஒண்ணு, அடுத்த பொங்கலுக்கு ஒரு துளி அழுக்கு இருந்துச்சு, உன்னையத்தான் உள்ள வச்சுப் பூட்டுவேன்."

வீட்டில் அண்ணாச்சி சம்மதித்த கதையைப் பிறகு மதினியே சிரித்துக்கொண்டு சொன்னார். மறுநாள் காலையிலிருந்து கடைக்கு வருகிற பிள்ளைகள்கூடப் பருப்புக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். "யாவாரம் பாக்கவா, கும்மி கேக்கவா? திறந்து தொலைங்க" என்றாராம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பொங்கல் முடிந்து முளையைக் கண்மாயில் கரைத்தாயிற்று. டீச்சர் முளை வீட்டுக்குள் காலை வைத்தார், உடனே வெளியே வந்துவிட்டார். "ஆயாம்மா, உள்ள கிணறு மாதிரி இருக்கு. ஜன்னல் இல்லாத இடத்தை மேற்பார்வையாளர் அம்மா ஒத்துக்கவே மாட்டாக. காத்து வேணும், வெளிச்சம் வேணும்."

முளைக்கு இருட்டு வேண்டும், பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டுக்கும் வீடு ஒன்று.

சுவரை உடைப்பது என்றதும் அண்ணாச்சி மறுபடியும் முறுக்கிக்கொண்டார். "சாவி பொம்பளைக விசயம். சுவரு அப்படியில்ல. ஆத்தாகிட்ட பூக்கட்டிக் கேட்போம். உத்தரவு வந்தா உடைச்சுக்கங்க, வரலேன்னா ரோட்டைத் தாண்டிப் போங்க" என்றார். அம்மன் முன்னால் இரண்டு பொட்டலம் வைப்பார்கள். ஒன்றில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. ஒரு பச்சைப் பிள்ளை எடுத்துக் கொடுக்கும். சிவப்பு வந்தால் ஜன்னல் வைக்கலாம், வெள்ளை வந்தால் கூடாது. இதுதான் பேச்சு. மேற்பார்வையாளர் அம்மா வருகிறது அந்த வாரம்தான்.

பூக்கட்டுகிற பொறுப்பு தனபாக்கியம் மதினிக்கு. முதல் நாள் சாயங்காலம் என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"ஏ சுப்பு, ரெண்டுலயும் சிவப்பையே வச்சுக் கட்டிரவா? எவன் பிரிச்சுப் பாக்கப் போறான்?"

எனக்கு ஒரு நிமிசம் ஆசையாகத்தான் இருந்தது. பேச்சி சாக்கில் படுத்திருந்தது கண் முன்னால் வந்தது. ஒரு பூவை மாற்றினால் முடிகிற காரியம். ஆனால் எங்கள் காட்டில் மழை தப்பாத வருசம் என்று ஒன்று உண்டா? தப்புகிற வருசம், பூ மாறின கதையும் வெளியே வந்தால், பழி என் மேலோ மதினி மேலோ விழாது. "அந்தப் பிள்ளைக வந்துதான் மழை போச்சு" என்பார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளைகளை ஊரில் எந்த வாசலும் சேர்க்காது.

"வேணாம் மதினி. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளை. வர்றது வரட்டும்."

"வெள்ளை வந்துருச்சுன்னா?"

"வேற சுவரு தேடுவோம்."

"உனக்குக் கூச்சம்தான் சாஸ்தின்னு நினைச்சேன், திமிரும் சாஸ்தி" என்றார். ஆனால் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளையாகத்தான் கட்டினார்.

அன்று காலையில் ஊரே கூடியிருந்தது. எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளை என்றால் எல்லாமே எங்கள் மையத்துப் பிள்ளைகள்தான். பூசாரி கூட்டத்தைப் பார்த்து, முன்னால் நின்ற பேச்சியைக் கூப்பிட்டார். காளீஸ்வரி அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவி விட்டிருந்தாள். "ஆத்தா, ஒண்ணு எடு தாயி" என்றார் பூசாரி.

பேச்சி பொட்டலங்களைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். இலையில் உருண்டையாகக் கட்டியிருந்தது அவளுக்குச் சத்துமாவு உருண்டை மாதிரி தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மையத்தில் உருண்டை என்றால் கைக்கொன்று. இரண்டு கையையும் நீட்டி இரண்டு பொட்டலத்தையும் அள்ளிக்கொண்டு, என்னிடம் ஓடி வந்து மடியில் உட்கார்ந்துவிட்டாள்.

பூசாரி, "என் காலத்துல இப்படி நடந்ததே இல்லையே" என்றார்.

"திருப்பி எடுக்கச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

"ஆத்தாகிட்ட ரெண்டாந்தரம் கேக்கவா? வாய அலம்புய்யா" என்றார் இன்னொருவர்.

டீச்சர் பேசுவதற்கு மூச்சை இழுத்தார். நான் அவர் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நாங்கள் யாராவது வாயைத் திறந்திருந்தால் அது எங்கள் யோசனையாகப் போயிருக்கும். யோசிக்க வேண்டியது ஊர்.

தனபாக்கியம் மதினிதான் ஆரம்பித்தார். "ரெண்டையும் எடுத்தா ரெண்டும் சரின்னுதான அர்த்தம்?"

"அதெப்படிடி ரெண்டும் சரியாகும்? ஜன்னல் வைக்கவும் வைக்கணும், வைக்காமலும் இருக்கணுமா?" என்று கேட்ட அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார். நெற்றியைத் தடவினார். முளை வீட்டைப் பார்த்தார். "கதவு போட்ட ஜன்னல்..." என்று மெதுவாகச் சொன்னார். "பிள்ளைக இருந்தாத் திறந்துக்கிறணும். முளை போட்டா அடைச்சுக்கிறணும். ரெண்டும் சரிதான்டி! நம்ம குடோன்ல பழைய தேக்கு ஜன்னல் ஒண்ணு வெங்காயச் சாக்குக்குப் பின்னால கிடக்குல்ல? ரெட்டைக் கதவு போட்டது."

அந்த யோசனை எனக்கு முதல் நாளே வந்திருந்தது. சொல்லாமல் இருந்தது புத்தியாலா, கூச்சத்தாலா என்று இன்று வரைக்கும் எனக்கே தெரியாது. எதனால் இருந்தாலும், அன்று மத்தியானமே அண்ணாச்சி தன் ஜன்னலைத் தானே சுமந்து வந்தார். யாராவது வேறு மாதிரிச் சொன்னால் சண்டைக்குப் போகிற அளவுக்கு அது அவருடைய ஜன்னலாகிவிட்டது. காளீஸ்வரியின் வீட்டுக்காரருக்குக் கொத்து வேலை தெரியும். அவர் சுவரை உடைத்துப் பதித்தார். பெண்கள் சுண்ணாம்பு அடித்தார்கள். வீரசோழன் ஊரிலிருந்து சைக்கிளில் துணி விற்க வருகிற பாய், "பிள்ளைக வெறுந்தரையிலயா உக்காரும்?" என்று அடுத்த நடையில் கோரை விரிப்புக் கொண்டு வந்தார்.

மேற்பார்வையாளர் அம்மா வந்து ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். "ஊர்ல பேசி யாரு இதை முடிச்சது?" என்று கேட்டார். எல்லாரும் என்னைத் தேடினார்கள். நான் அடுப்புப் பக்கம் போய்விட்டேன், குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் அந்த வீட்டில் வளர்ந்தார்கள். அடுத்த பங்குனியில் பந்தல் போட்டு அவர்களை வெளியே உட்கார வைத்து, உள்ளே கழுவித் துடைத்து, ஜன்னலை அடைத்து, முளை போட்டோம். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பிள்ளைகள் கிறுக்கின மயிலும் பஸ்ஸும் இருந்தன. அதை மட்டும் அழிக்க வேண்டாம் என்று மதினி சொல்லிவிட்டார்.

பொங்கலன்று ஓடுகளை வெளியே எடுத்தோம். எல்லா முளையும் நெட்டையாக, மஞ்சளாக, நேராக நின்றன. தனபாக்கியம் மதினியின் முளை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தன் முளை ஓட்டை அவர் ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறார். கதவு இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் விழுந்திருக்கிறது, முளை அதைப் பார்த்து வளர்ந்துவிட்டது.

கோணின முளையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றி வர எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்? அதுவும் நிர்வாகி வீட்டுப் பெண்ணுக்கு. ஆம்பளைகள் பக்கத்திலிருந்து யாரோ, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார்.

மதினி ஓட்டைத் தூக்கித் தலையில் வைத்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பந்தலில் பேச்சியும் மற்றதுகளும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தன.

"என்னத்தைப் பாக்குறீக?" என்று அந்தப் பெருங்குரலில் கேட்டார். "உங்க முளையெல்லாம் சுவத்தைப் பாத்து வளந்துச்சு. எம் முளை பிள்ளைகளைப் பாத்து வளந்திருக்கு. வழிய விடுங்க!"

கொட்டுச் சத்தத்தோடு அவர்தான் முன்னால் போனார்.

புதுக் கட்டடம் பிறகு வந்துவிட்டது. இப்போது அங்கே வேலை பார்க்கப் போவது உங்களில் ஒருத்திதான். முளை வீட்டு ஜன்னலை மட்டும் யாரும் அடைக்கவில்லை. பொங்கல் வந்தால் அதற்குக் கீழே ஓடு வைக்கிற இடத்துக்குப் பெண்களுக்குள் போட்டி நடக்கிறது. நீயும் ஒரு ஓடு போடு தாயி. போட்டால் ஒரு பாட்டு எடுத்துத்தான் ஆக வேண்டும். பயப்படாதே, தரையைப் பார்த்துக்கொண்டே பாடலாம்.